எண்ணூற்று அறுபத்து நான்கு காந்தல்

நாமக்கல்லில், திருச்சி ரோட்டில், படிக்கட்டு இல்லாத மாடி ஒன்று இருக்கிறது. அது என்னுடையது. கட்டி முடித்த நாளிலிருந்து அதில் ஒரே ஒருவர்தான் ஏறியிருக்கிறார். அவர் அரசாங்கத்தின் வட்டி ஆணையர். அவரும் தேங்காய் பறிக்கிறவனின் ஏணியில்தான் ஏறினார்.

என் பெயர் சென்னியப்பன். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். வெறும் சேஸாக வருகிற வண்டிக்குக் கேபினும் பின்பெட்டியும் கட்டி, பெயின்ட் அடித்து, மாலை போட்டு அனுப்புவது என் தொழில். லாரிகள் டிரைவர் இல்லாமல் தாமாகவே ஓட ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. இருந்தும் முதலாளிகள் டிரைவர் சீட்டோடுதான் கேபின் கேட்கிறார்கள். சீட் இல்லாவிட்டால் சாமி படத்தை யாருக்கு எதிரே மாட்டுவது என்கிறார்கள். நியாயமான கேள்வி.

நான் பாடி கட்டிய லாரி ஒன்று அஸ்ஸாமில் வெள்ளத்தோடு போய், நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கரை ஒதுங்கி, இன்றைக்கும் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியாக நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஆணி கழலவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எதிர்ப் பட்டறைக்காரன் கட்டிய லாரி அதே வெள்ளத்தில் போயிருந்தால் உயர்நிலைப் பள்ளியாக ஆகியிருக்கும் என்று ஊரில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள். அதனால் சொல்கிறேன்.

எதிர்ப் பட்டறைக்காரன் அத்தியப்பன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் பட்டறை, இந்தப் பக்கம் என் பட்டறை. இரண்டு பேர் வீடும் அவரவர் பட்டறையை ஒட்டித்தான். போதாக்குறைக்கு அவன் என் சகலை. என் மனைவி மயிலாத்தாளின் தங்கை சுலோச்சனாவைக் கட்டியவன். ஒரே மாமனாருக்கு இரண்டு மருமகன்கள், ஒரே தொழில், ஒரே ரோடு. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது. தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே கடையில் எடுத்த ஒரே மாதிரி வேட்டிதான் கொடுப்பார்கள். அதிலும் அவன் வேட்டியின் கரை ஒரு நூல் அகலமாக இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன்.

அவனும் சளைத்தவன் இல்லை. நான் ஹாரன் மாற்றினால் அவன் முகம் இரண்டு நாள் சுருங்கிக் கிடக்கும். அதைப் பார்க்கத்தான் நான் ஹாரனே மாற்றுவேன்.

ஒரு வருஷம் அது நின்றுபோனது. நான் பட்டறைக்குப் புதிதாக ஒரு பெரிய போர்டு வைத்தேன், பத்தடிக்கு நாலடி, பித்தளை எழுத்து. அத்தியப்பன் ரோட்டைத் தாண்டி வந்தான், அண்ணாந்து பார்த்தான், ரொம்ப நல்லா இருக்குதுங்க சகலை என்றான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான் அதற்கு முன் சகலையின் சந்தோஷத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. சோறு இறங்கவில்லை. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இருந்த ஒரே ஆள் அதை விட்டுவிட்டான் என்றால், நான் யாருக்காகத் தொழில் செய்வது?

விசாரித்ததில் அவன் மகிழம்பூ ஃபைனான்ஸில் கடன் வாங்கியிருக்கிறான் என்று தெரிந்தது.

அந்தக் காலத்து வட்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பணமாக வாங்குகிற வட்டிக்கு அரசாங்கம் கடுமையான வரம்பு வைத்துவிட்டது. அதற்கு மேல் ஒரு பைசா வாங்கினால் ஜெயில். கொடுக்கிறவர்கள் கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு ஒருவன் மனிதனுக்குள்ளிருந்து பொறாமையை மட்டும் பிரித்து எடுக்கிற மெஷினைக் கண்டுபிடித்தான். அதை மருந்து மாதிரிச் சின்னக் குப்பியில் அடைக்கலாம், குளிரில் வைக்கலாம், வேறொருவருக்கு ஏற்றலாம். பெரிய மில்களின் வாரிசுகள் எதிலும் பிடிப்பில்லாமல் சோபாவில் சாய்ந்து கிடந்த காலம் அது. அப்பன்மார்கள் என்ன விலை சொன்னாலும் வாங்கினார்கள். ஒரு குப்பி ஏற்றினால் பையன் மறுநாளே எழுந்து, பக்கத்து மில்லில் எத்தனை ஷிப்ட் ஓடுகிறது என்று கேட்பான். ஆக, பணவட்டிக்குப் பதில் பொறாமைவட்டி வந்தது.

அதை அளக்க ஒரு அளவு வேண்டுமே. அதற்குக் காந்தல் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கி, அதை நம் வாசலில் நிறுத்தி, சும்மா ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தால், நடுத்தர மனிதன் ஒருவனுக்குள் எவ்வளவு காந்துமோ அது ஒரு காந்தல்.

நான் மகிழம்பூ ஃபைனான்ஸுக்குப் போனேன். எனக்குப் பணம் தேவைப்பட்டதற்குக் காரணம் மாடி. அத்தியப்பன் கடன் வாங்குவதற்குச் சற்று முன்புதான் வீட்டுக்கு மாடி கட்டி முடித்திருந்தான். ரோட்டைப் பார்த்த பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்காமல் வழவழவென்று ஒரே சுவராகக் கட்டியிருந்தான். அதுதான் இப்போதைய நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் அதேபோல் ஜன்னல் இல்லாத மாடி வேண்டும், அவனுடையதைவிட இரண்டடி உயரமாக வேண்டும்.

மானேஜர் கிருபாகரன் சின்ன வயசுக்காரன், தன்மையாகப் பேசுவான். படிவத்தை என் முன்னால் வைத்து விளக்கினான்.

"வீட்டுத் தேவைன்னு எழுதினீங்கன்னா மாசம் ஒரு காந்தலுக்கு மேல நாங்க எடுக்க முடியாதுங்க. சட்டம். தொழில்னு எழுதினா வரம்பு கிடையாது. நீங்களும் நாங்களும் பேசிக்கறதுதான்."

"அதென்ன தொழில்காரனுக்கு மட்டும் வரம்பு இல்லாம?"

"தொழில் பண்றவங்க விவரமானவங்க, பேரம் பேசத் தெரிஞ்சவங்கன்னு சட்டம் நம்புதுங்க. பாவப்பட்டவங்களுக்குத்தான் பாதுகாப்பு."

சட்டத்தை எழுதியவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

மேசையில் வேறு சில படிவங்கள் கிடந்தன. மேலாக இருந்தது அத்தியப்பனுடையது. நான் எட்டிப் பார்க்கவில்லை. கண் தானாகப் போனது. நோக்கம் என்ற கட்டத்தில் 'தொழில்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். தகடு வளைக்கிற பெரிய மெஷின் வாங்கத்தான் அவன் உண்மையிலேயே கடன் வாங்கினான். வீட்டுத் தேவை என்று எழுதுகிறவர்கள் யார் என்று கிருபாகரனைக் கேட்டேன். பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் என்றான். என் பேனா தொழில் என்று எழுதிவிட்டது.

"சகலைக்கு மாசம் எத்தனை?" என்றேன்.

சொல்லக் கூடாது என்றான். பிறகு சொன்னான். "ஆறு காந்தலுங்க."

"எனக்கு ஏழு போட்டுக்கோ."

கிருபாகரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வட்டியை ஏற்றிப் பேரம் பேசிய ஆளை அந்தக் கம்பெனி அதுவரை பார்த்ததில்லையாம். பிற்பாடு அவர்கள் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது என் படிவத்தைத்தான் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மாடி எழும்பியது. இரண்டடி அதிகமாகவே எழும்பியது. அந்த இரண்டடியில் செலவு ஏறி, படிக்கட்டுக்குப் பணம் போதவில்லை. பின்பக்கம் கதவு வைத்தாகிவிட்டது. அதைத் திறந்தால் பதினான்கு அடிக்குக் கீழே துளசிச்செடி. படியை அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். அடுத்த மாதம் வருவதற்குள் முதல் வட்டி எடுத்துவிட்டார்கள்.

வலிக்காது. சலூன் நாற்காலி போன்ற ஒன்றில் உட்கார்த்தி, தலையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்ப்பார்கள். கால் மணி நேரம். எழுந்து வெளியே வந்தால் ரோடே கழுவி விட்ட மாதிரி இருக்கும். முதல் மாதம் வீடு திரும்பியபோது எதிர்ப் பட்டறையில் அத்தியப்பன் ஒரு கோழித்தீவன லாரிக்குப் பச்சையில் மயில் வரைந்துகொண்டிருந்தான். நல்ல மயில். நான் நின்று பார்த்தேன், பாராட்டினேன். அவன் சந்தோஷப்பட்டான். நானும் சந்தோஷப்பட்டேன். எங்கள் இருவரையும் பார்த்து டீக்கடைக்காரர் பயந்துபோனார்.

படிக்கட்டைப் பற்றி மேஸ்திரி இரண்டு தடவை கேட்டார். எதற்கு என்று எனக்குத் தோன்றியது. மாடியைப் பற்றிய நினைப்பே இல்லை. என்னைத் தேடி வந்த வாடிக்கையாளர்களை எதிரே அனுப்பினேன், அங்கே வேலை சுத்தமாக இருக்கும் என்று. அது உண்மைதான். அவனும் சிலரை என்னிடம் அனுப்பினான். மற்றவர்கள் இந்த இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று சொல்லி, சங்ககிரிப் பக்கம் போய்விட்டார்கள். பட்டறையில் பதினோரு பேர் இருந்த இடத்தில் நாலு பேர் ஆனார்கள். அசலைத் தவறாமல் கட்டினேன். ராத்திரி படுத்தால் விடியும்வரை தூங்கினேன். அதைவிடச் சுகமான ஆறு வருஷம் எனக்கு இருந்ததில்லை. அதில்தான் மயிலாத்தாள் போனாள்.

போனாள் என்றால் வீட்டைவிட்டு இல்லை. சொல்கிறேன்.

மயிலாத்தாள் விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். கல்யாணமான புதிதில் சேலம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கொடுக்கும்போது சிரித்தான். அதற்குப் பிறகு பத்து வருஷம் நான் சேலத்துக்கு ஈரோடு சுற்றித்தான் போனேன். அவளையும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் கூடுதல். அவள் திட்டிக்கொண்டேதான் வருவாள். ஆனால் பவானி தாண்டும்போது என் தோளில் சாய்ந்துகொள்வாள்.

தினமும் பதினோரு மணிக்குத் தூக்கில் டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவாள். வீட்டிலிருந்து முப்பது தப்படிதான். வாசலில் கிடக்கிற மரச் சட்டத்தில் இரண்டு பேரும் உட்காருவோம். காலையிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் எல்லாரையும் போல அவள் பேசிக் காட்டுவாள். கீரைக்காரி, கேஸ்காரன், ஓட்டு கேட்டு வந்தவர் என்று ஒருவரையும் விட மாட்டாள். எனக்கு டீ மூக்கில் ஏறும்.

கடன் வாங்கிய மூன்றாம் வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பாத்திரக்கடை வெள்ளியங்கிரி மயிலாத்தாளின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு என் வயசு, என்னைவிடத் தலைமுடி அதிகம். சேலை எங்கே எடுத்தது என்று கேட்டான். இந்த நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்றான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மயிலாத்தாள் மண்டபம் முழுக்கக் கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். நான் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "ஏனுங்க, நான் அந்த ஆளோடயே எந்திரிச்சுப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் யோசித்து உண்மையைச் சொன்னேன். "பத்திரமா போயிட்டு வான்னு சொல்லியிருப்பேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு டீ வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வேலையாள் ஒருவன் கடையில் வாங்கிக்கொண்டு வந்தான். நான் கவனிக்கவே இல்லை. மூன்று வருஷமாக டீ வரவில்லை என்பதை அவள் வழக்கு விசாரணையில் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன்.

வழக்குப் போட்டது அவள்தான். சுலோச்சனாவோடு சேர்ந்து சட்டப் புத்தகம் வாங்கி, ஆறு மாதம் படித்திருக்கிறாள். கடனுக்குப் படிவத்தில் என்ன பெயர் எழுதினாலும், பணம் உண்மையில் எதற்குப் போனதோ அதுதான் நோக்கம் என்று அதில் இருந்ததாம். பணம் மாடிக்குப் போயிருக்கிறது. மாடி வீட்டுடையது. ஆகவே இது வீட்டுக் கடன். மாதம் ஒன்றுதான் எடுத்திருக்க வேண்டும், ஏழு எடுத்திருக்கிறார்கள்.

வட்டி ஆணையர் நரைத்த மனிதர், அதிகம் பேசாதவர். மகிழம்பூக்காரர்கள் சார்பில் கிருபாகரனே வாதாடினான். மாடி பட்டறையை ஒட்டி இருக்கிறது, சாமான் போட்டு வைக்கிற கிடங்காகத்தான் கட்டியிருக்கிறார் என்றான். நேரில் பார்த்துவிடலாம் என்று ஆணையர் கிளம்பினார். அப்படித்தான் ஏணி வந்தது. மேலே போய்ச் சுற்றிப் பார்த்தார். உள்ளே மேஸ்திரி விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும், சாத்தாத கதவு வழியே வந்து காக்கை அதில் கட்டிய கூடு ஒன்றும் இருந்தன. நாலு பக்கமும் சுவர். கீழே இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, இதில் காக்கை தவிர யாரும் தொழில் செய்ய முடியாது என்று குறித்துக்கொண்டார்.

சாட்சிக்கு அத்தியப்பன் வந்திருந்தான். என் சார்பில். மாடியால் பட்டறைக்கு ஒரு பயனும் இல்லை என்று சிரித்த முகமாகச் சொன்னான். கடைசியாக என்னைக் கூண்டில் ஏற்றி, எதற்காகக் கட்டினீர்கள் என்று கேட்டார்கள்.

"சகலையோட மாடியைவிட ரெண்டடி ஒசத்தியா இருக்கணும்னு கட்டினேனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

எதிரே அத்தியப்பன், சுலோச்சனா, டீக்கடைக்காரர், பாதி ஊர். பழைய நானாக இருந்தால் அதைச் சொல்வதற்குப் பதில் இன்னொரு ஏழு காந்தல் எழுதிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு வெட்கமே வரவில்லை. அதையும் கூடவே உறிஞ்சியிருந்தார்கள் போல.

தீர்ப்பு வந்தது. வரம்புக்கு மேல் மாதம் ஆறு வீதம் எழுபத்திரண்டு மாதம், நானூற்று முப்பத்திரண்டு காந்தல். சட்டப்படி அதை இரட்டிப்பாக, எடுத்த பொருளாகவே திருப்பித் தர வேண்டும். எண்ணூற்று அறுபத்து நான்கு. ஆணையர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதம்தானா என்று என்னைக் கேட்டார். எனக்கு அது வேண்டியதில்லை, சுகமாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மயிலாத்தாள் முந்திக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதமுங்க. இவரு நல்லவராயிட்டாரு சாமி. இவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

அத்தியப்பனுக்கும் ஏதாவது கிடைக்குமா என்று சுலோச்சனா எழுந்து கேட்டாள். ஆணையர் அவன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கடன் வாங்கியது மெஷினுக்கு, மெஷின் பட்டறையில் ஓடுகிறது. உண்மையான தொழில் கடன். எத்தனை எடுத்தாலும் செல்லும். உங்கள் வீட்டுக்காரர் விவரமானவர் என்று சட்டம் நம்புகிறதம்மா என்றார். சுலோச்சனா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தியப்பன் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். விசனப்படாதே என்றான். அவனுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

திருப்பி ஏற்றுவதை இரண்டு தவணையாக வைத்தார்கள். முதல் தவணை என்னுடைய சொந்தச் சரக்கே. சொந்தக்காரர்கள் மேல் வருகிற பொறாமை ரொம்ப உசத்தியானது, ஏழெட்டு வருஷம் ஊறினால்தான் நல்ல விலை போகும் என்று அதை விற்காமல் குளிரில் வைத்திருந்தார்கள்.

கிண்ணத்தைக் கழற்றியதும் முதலில் கிருபாகரனின் தலைமுடி கண்ணில் பட்டது. எரிந்தது. வெளியே வந்தால் நாலுரோட்டு சிக்னல். கையைக்கூடத் தூக்காமல் இத்தனை பேரை நிறுத்துகிறதே என்று அதன் மேல் எரிந்தது. குட்டையில் ஒரு எருமை கண்ணை மூடிக் கிடந்தது, அதற்கு வாடகை இல்லை, வரி இல்லை. ஒரு மரக்கிளையில் இரண்டு காக்கைகள் இருந்தன. அதில் ஒன்றுக்கு என் மாடியில் கூடு இருக்கிறது என்று நினைத்தபோது உட்கார்ந்துவிட்டேன். என் மாடியில் நானே ஏறியதில்லை.

ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தேன். மயிலாத்தாளின் போன் அடித்தது. பாத்திரக்கடையிலிருந்து, மாற்றக் கொடுத்த குக்கர் மூடியைப் பற்றி.

"அவன் எதுக்கு உனக்குப் போன் பண்றான்?" என்றேன். "குக்கர் மூடிக்கு எதுக்கு மூணு நிமிஷம்?"

மயிலாத்தாள் போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"வந்துட்டீங்களா" என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தூக்கு வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது என் குடும்ப விஷயம். இரண்டாவது தவணை இருந்தது. அபராதமாக வர வேண்டிய பாதி. அதற்கு என் சரக்கு மீதி இல்லை. கண்டவர்களுடையதையும் ஏற்றினால் உடம்பு ஏற்காது, ஒரே மாதிரி தொழில், ஒரே மாதிரி குடும்பம், ஒரே வயசுக் குப்பிதான் பொருந்தும். கிருபாகரன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒத்துப்போற சரக்கு ஒருத்தரோடதுதானுங்க இருக்குது. பேரைச் சொல்லக் கூடாது." பிறகு சொன்னான், வழக்கம்போல. "உங்க சகலையோடது."

நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் ஆசையாகவே இருந்தது. ஊரில் எவனுக்குக் கிடைக்கும் இது? நம்மைப் பார்த்து இன்னொருவன் எப்படி வெந்தான் என்பதை உள்ளே இருந்தே அனுபவிக்கலாம். அவன் எதைப் பார்த்து வெந்தான் என்பதும் தெரிந்துவிடும்.

ஏற்றினார்கள். கணக்குச் சரிபார்க்க என்று மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு மானியையும் ஒரு வாரத்துக்குக் கட்டி விட்டார்கள். முள் இரண்டு, ஒன்று என் சரக்குக்கு, இன்னொன்று அவன் சரக்குக்கு. அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டே என் சொத்து முழுக்கச் சுற்றி வந்தேன். பித்தளை எழுத்துப் போர்டின் கீழே நின்றேன். முள் அசையவில்லை. நான் கட்டிய லாரியின் முன்னால் நின்றேன். அசையவில்லை. வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், மயிலாத்தாளின் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன், மாமனார் எனக்குக் கொடுத்த வேட்டியைப் பார்த்தேன். கடைசியில் மாடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அந்த இரண்டடிக்கு நான் என்ன பாடு பட்டேன். முள் செத்த எலி மாதிரி கிடந்தது.

அவமானமாக இருந்தது. இந்த ஆள் நானூற்றுச் சில்லறை காந்தல் எதைப் பார்த்துத்தான் காந்தினான்?

பட்டறை வாசலில் மரச் சட்டத்தில் வந்து உட்கார்ந்தேன். மணி பதினொன்று. மயிலாத்தாள் தூக்கோடு வந்தாள். கீரைக்காரி காலையில் அவளிடம் சண்டை போட்டதை, இடுப்பில் கை வைத்து, கீரைக்காரி குரலிலேயே ஆரம்பித்தாள். நான் சிரித்தேன். வயிற்றுக்குள் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. மானியைப் பார்த்தேன். அவன் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு துடித்தது.

நான் என்னையே பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அந்தச் சட்டத்தில் உட்கார்ந்து, ஓசி டீயைக் குடித்துக்கொண்டு, மூக்கில் ஏறுகிற வரைக்கும் சிரிக்கிறானே, அந்தக் கிழவனைப் பார்த்து.

அவனுக்கு மயிலாத்தாளின் மேல் ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்தால் நான் முதலில் கண்டுபிடித்திருப்பேன். எனக்குக் கண்டக்டரே தப்பவில்லை. அது வேறு. சுலோச்சனா நல்ல பெண், வீட்டை நன்றாக வைத்துக்கொள்வாள், ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் பட்டறைக்கு வந்து உட்கார்ந்ததில்லை. கிரீஸ் வாடை ஆகாது. அவன் டீ எப்போதும் பிளாஸ்க்கில் இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் பதினோரு மணிக்கு அவன் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறான். நான் அதைப் பார்த்ததில்லை. நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எதிரே அவன் மாடி கண்ணில் பட்டது. ரோட்டுப் பக்கம் ஜன்னலே இல்லாத சுவர்.

அடுத்த நாள் பத்தேமுக்காலுக்கு ரோட்டைத் தாண்டிப் போனேன். அத்தியப்பன் ஒரு பின்கதவுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். சிரித்து வரவேற்று, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் மாடியைப் பற்றிக் கேட்டேன், ரோட்டுப் பக்கம் ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்று.

அவன் ஸ்பானரால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "தெரியலீங்க சகலை. அப்ப ஏதோ காரணம் இருந்துச்சு. மேஸ்திரிகூட ரெண்டு தரம் கேட்டாரு. இந்தப் பக்கம் வேண்டாம்னு கண்டிஷனாச் சொன்னது ஞாபகம் இருக்குது. ஏன்னுதான் ஞாபகம் இல்லை."

பிறகு அவனே சொன்னான், கிருபாகரன் சொல்லிவிட்டானாம், அவனுடைய குப்பி எனக்குப் போயிருக்கிறது என்று. ரகசியம் காப்பதில் கிருபாகரனுக்கு நிகரில்லை.

"அதுல என்னதான் இருந்துச்சு சகலை? எதைப் பாத்து வெந்திருக்கறேன்?"

நான் எதிரே பார்த்தேன். மணி பதினொன்று ஆகியிருந்தது. மயிலாத்தாள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு தூக்கோடு இறங்கினாள். அத்தியப்பன் அந்தப் பக்கம் திரும்பினான். பஸ் போவதைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நட்டைப் பார்த்தான். என் மணிக்கட்டில் அவனுடைய முள் எழுந்து முட்டியது.

"எம் மாடியைப் பாத்து" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் ஸ்பானர் கீழே விழுந்தது. "படியில்லாத மாடிக்கா? இதுக்கா நானு இத்தனை வெந்தேன்? நல்ல ஆளுங்க நானு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். குனிந்து ஸ்பானரை எடுத்தவன், அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"ஆனா ஒண்ணுங்க சகலை. தெனமும் இந்த நேரத்துக்கு எதையோ மறந்துட்ட மாதிரியே இருக்குது. பிளாஸ்க்கைத் திறந்துட்டு, எதுக்குத் திறந்தோம்னு உக்காந்திருப்பேன்."

நான் ரோட்டைத் தாண்டி வந்தேன். மயிலாத்தாள் எனக்கு ஊற்றி வைத்திருந்தாள். ஒரு வாய் குடித்தேன். இரண்டு முள்ளும் ஏறியிருந்தன, ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது.

"இன்னொரு டம்ளர் ஊத்து" என்றேன். "சகலைக்குக் கொண்டுபோய்க் குடு. அப்படியே அந்தக் கீரைக்காரி மாதிரி கொஞ்சம் பேசிக் காட்டிட்டு வா."

மயிலாத்தாள் தூக்கைச் சாய்த்தவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்காதுங்களா?"

"இருக்கும். நீ ஊத்து."

அவள் டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து, ரோட்டைத் தாண்டினாள். அத்தியப்பன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான். அவள் இடுப்பில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு டீ மூக்கில் ஏறி இருமுவது இங்கே வரை கேட்டது.

காலி டம்ளரோடு அவள் திரும்பி வர ஏழு நிமிஷம் நாற்பது வினாடி ஆனது.